மண்ணுக்குள் செல்லும் மின்வடம்

கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை மனிதன் விலகிச் செல்கின்றான். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தின்மேலோ அவன் கால் வைத்து நடக்கின்றான். வீட்டு வளவிற் புதைக்கப்படும் மின்வடம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனை முறைப்படி புதைத்தால் ஒரு தலைமுறைக் காலம் தொல்லையின்றி வேலை செய்யும். முறை தவறிப் புதைத்தாலோ, என்றோ ஒரு நாள், யாரோ ஒருவருடைய மண்வெட்டிக்காக அது காத்துக் கிடக்கும். புதைத்தவரே அந்த மண்வெட்டியைப் பிடிப்பார் என்பதில்லை. புதைத்த இடத்தை அறியாத மகனோ, கூலிக்கு வந்தவரோ, வளவைப் பின்னர் வாங்கியவரோ பிடிக்கலாம். ஆகவே மின்வடம் புதைத்தல் என்பது இன்றைய வசதிக்குரிய வேலை மட்டுமன்று. நாளை அந்த மண்ணைத் தோண்டப்போகும் ஒருவருக்குச் செய்யும் கடமையுமாகும்.

யாழ்ப்பாணத்து வளவொன்றை நேயர்கள் மனத்திற் கொள்ளலாம். முன்னால் வீடு, பின்னால் கிணறு, கிணற்றடியில் வாழை, கமுகு, தோடை, சுற்றிவரக் கதியால் வேலி. துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்த காலம் கடந்து, இன்று பெரும்பாலான கிணறுகளில் மின்சார நீர்ப்பம்பி இருக்கின்றது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே 30 மீற்றரோ 50 மீற்றரோ தூரம் இருக்கும். அவ்வளவு தூரமும் மின்சாரத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். சிலர் சாதாரண வயரை வேலியிற் கட்டிச் செல்கின்றனர். சிலர் மாமரத்தின் கிளைக்கும் தென்னையின் உடலுக்கும் இடையே தொங்கவிடுகின்றனர். வெயிலினால் அதன் உறை வெடிக்கின்றது, அணில் கொறிக்கின்றது, காற்றில் விழும் ஓலை அதனை அறுக்கின்றது. 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கிழக்கு மாகாணத்தைத் தாக்கிய சூறாவளியிலே தென்னைகள் சாய்ந்து கிடந்த காட்சியை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தை நம்பிக் கட்டிய வயர் மரத்தோடு விழும். ஆகையால் மண்ணுக்குள் வடத்தை இடுவதே நல்ல வழி என்று பலர் துணிகின்றனர். அத்துணிவு சரியானதே.

இது புதிய எண்ணமுமன்று. 1882 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரின் பேர்ள் வீதி மின்னிலையத்தைத் தொடக்கிய தோமஸ் அல்வா எடிசன், தம் மின்சாரத்தைத் தெருக்களின் அடியிலே, இரும்புக் குழாய்களினுள் வைத்த செப்புக் கடத்திகள் வழியாகவே அனுப்பினார். தலைக்கு மேலே கம்பிகள் பின்னிக் கிடந்த அந்நகரில் அவர் மண்ணைத் தேர்ந்தார். ஆயினும் வெறுங் கம்பியை அவர் மண்ணில் இடவில்லை. இரும்புக் குழாயினுள் இட்டு, மின் கசியாத பொருளால் இடைவெளியை நிரப்பிய பின்னரே புதைத்தார். மண் வடத்தைக் காப்பதில்லை, மறைக்க மட்டுமே செய்யும் என்பதனை அன்றே உணர்ந்திருந்தனர்.

இனி, மண்ணுக்குள் மின்சாரம் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை நோக்குவோம். வடம் பழுதுபட்டு மின்சாரம் மண்ணிற் கசிந்தால் உருகி எரிந்துவிடும், அல்லது சுற்றுடைப்பான் விழுந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். இந்த நம்பிக்கையே பெரிய ஆபத்து. ஒரு சிறு கணக்கினால் இதனை விளக்கலாம். நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வீட்டின் புவித்தொடுப்பு, வளவிலே அறையப்பட்ட ஓர் உலோகக் கோலின் மூலம் மண்ணோடு இணைகின்றது. அக்கோலுக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள தடை 50 ஓம் என்று கொண்டால், 230 ஐ 50 ஆல் வகுக்க வருவது 4.6 அம்பியர். நீர்ப்பம்பிக்கு வைத்திருக்கும் சுற்றுடைப்பானோ 16 அம்பியருக்கு உரியது. 4.6 அம்பியர் கசிவை அது பம்பியின் இயல்பான ஓட்டமென்றே எண்ணி வாளாவிருக்கும். உருகியும் எரியாது, விளக்கும் அணையாது, மண் மட்டும் மின்னேறிக் கிடக்கும்.

மனித உடலுக்கோ 4.6 அம்பியர் வேண்டியதில்லை. ஓர் அம்பியரின் ஆயிரத்திலொரு பங்கினை மில்லியம்பியர் என்பர். 10 மில்லியம்பியரைக் கடந்த அளவில், கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விடமுடியாத நிலை வரத் தொடங்குகின்றது. அதற்குச் சில மடங்கு மேற்பட்ட ஓட்டம் மார்பின் வழியே சென்றால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் போகலாம். வியர்வையில் நனைந்த கையோடு, வெறுங்காலுடன், ஈரமண்ணில் நிற்கும் ஒருவரின் உடற்றடை 1,000 ஓம் எனக் கொண்டால், அவரூடாகச் செல்லக்கூடிய ஓட்டம் 230 மில்லியம்பியர். 16 அம்பியர்ச் சுற்றுடைப்பானின் கண்ணுக்கு இது ஒரு தூசு. சுற்றுடைப்பானும் உருகியும் வயரைத் தீயிலிருந்து காப்பவை. மனிதரைக் காப்பதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றே மீதியோட்டச் சுற்றுடைப்பான். மக்கள் பேச்சில் அதற்கு ரிப் சுவிச் என்று பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்ள்ஸ் டல்சீல், மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1961 ஆம் ஆண்டில் அவர் இவ்வகைக் காப்புக்கருவி ஒன்றை அமைத்தார். இக்கருவியின் தத்துவம் கடைக்காரரின் கணக்குப்போன்றது. ஒரு கம்பியாற் சென்ற ஓட்டம் மறு கம்பியால் முழுதும் திரும்ப வேண்டும். திரும்பி வந்தது குறைந்தால், குறைந்த பங்கு எங்கோ கசிந்திருக்கின்றது. அது மண்ணுக்குப் போயிருக்கலாம், மனித உடலின் வழியாகவும் போயிருக்கலாம். அக்குறைவு 30 மில்லியம்பியரை எட்டும்போது, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கருவி மின்சாரத்தை அறுத்துவிடும். வளவிற் புதைக்கும் எந்த வடமும் 30 மில்லியம்பியர் அளவுள்ள இக்கருவியின் காவலின் கீழேயே இருக்க வேண்டும். இது முதல் விதி, இதற்கு விலக்கில்லை.

காவல் அமைந்த பின்னர் எண்ண வேண்டியது பாதை. பிரித்தானிய மின்னிணைப்பு விதிகளே இலங்கையிற் பெரிதும் பின்பற்றப்படுகின்றன. அவ்விதிகள் வீட்டுத் தோட்டத்திற் புதைக்கும் வடத்துக்கு இத்தனை அடி ஆழம் என்று ஓர் எண்ணைக் கூறவில்லை. அந்த நிலத்தில் எதிர்பார்க்கத்தக்க எந்த வேலையினாலும் பழுதுறாத ஆழத்தில் இடுக என்றே கூறுகின்றன. இது விதியின் குறையன்று, அதன் நுட்பம். இந்த மண்ணில் என்னென்ன வேலை நடக்கும் என்பதை அம்மண்ணுக்குரியவரே அறிவார்.

நம் வளவுகளில் நடக்கும் வேலைகளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். வேலி அடைக்கும் காலத்தில் அலவாங்கினாற் குழியிட்டுக் கதியால் நாட்டுகின்றோம். வேலியோரம் ஒதுக்கமாக இருக்கின்றதே என்று அங்கே வடத்தை இடுபவர், அலவாங்கு விழும் கோட்டிலேயே வடத்தை இடுகின்றார். தென்னங்கன்று நாட்ட 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழி வெட்டுவது வழக்கம். வாழைக்குக் குழி உண்டு. பனங்கிழங்குக்குப் பாத்தி கட்டவும், கிழங்கு கிண்டவும் மண் புரட்டப்படும். மலக்குழியும் குப்பைக்குழியும் உள்ளன. இவ்விடங்களையெல்லாம் விலக்கிச் செல்வதே நல்ல பாதை. வீட்டிலிருந்து கிணற்றடிக்கு நாள்தோறும் நடக்கும் ஒற்றையடிப் பாதையின் ஓரம் மிகவும் பொருத்தமானது. மனிதர் நடக்கும் வழியில் எவரும் மரம் நாட்டுவதில்லை. பாதை நேராகச் செல்லட்டும். திரும்ப வேண்டுமாயின் எளிதில் நினைவிற் கொள்ளத்தக்க இடத்தில் திரும்பட்டும். தண்ணீர்க் குழாய்க்கும் ரெலிபோன் கம்பிக்கும் அணித்தாகச் செல்லாமல் ஏறத்தாழ ஓர் அடி விலகிச் செல்லட்டும்.

வடத்தைத் தேர்வதில் பலர் தவறுகின்றனர். வீட்டுச் சுவருக்குள் ஓடும் சாதாரண வயர் மண்ணுக்குரியதன்று. அதன் மெல்லிய உறையைக் கல் கீறும்; கறையானும் எலியும் அரிக்கும்; ஈரம் உள்ளே புகும். மண்ணுக்குரியது எஃகுக் கம்பிக் கவசம் பூண்ட வடம். செப்புக் கடத்திகளின் மேல் காவலியும், அதன்மேல் உள்ளுறையும், அதனைச் சுற்றி எஃகுக் கம்பிகளும், எல்லாவற்றுக்கும் மேலே தடித்த கரிய உறையும் உடையது அது. இந்த எஃகு அலவாங்கின் அடியைத் தாங்குவதற்கென்று பலர் கருதுகின்றனர். ஓரளவு தாங்கும், முழுதும் தாங்காது. அதன் தலையாய வேலை வேறு. எஃகுக் கவசம் புவித்தொடுப்போடு இணைக்கப்பட்டிருக்கின்றது. அலவாங்கின் நுனி வடத்தைத் துளைக்குமாயின், அது முதலில் எஃகினைத் தொட்டு, அதன் பின்னரே உள்ளேயிருக்கும் உயிருள்ள கம்பியைத் தொடும். அக்கணமே கசிவோட்டம் கவசத்தின் வழியாகப் புவிக்குச் செல்ல, மீதியோட்டச் சுற்றுடைப்பான் மின்சாரத்தை அறுக்கின்றது. கவசமில்லாத வயரிலோ, கசிவோட்டத்துக்குக் கிடைக்கும் வழி அலவாங்கு பிடித்தவரின் உடலே.

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகும். கவசத்தைப் புவித்தொடுப்போடு இணைக்காது விட்டால், விலை கொடுத்து வாங்கிய எஃகு வெறும் சுமையே. வடம் பெட்டிக்குட் புகும் இடத்தில் அதற்கென்று செய்த பித்தளைப் பிடிப்பைப் பூட்டி, எஃகுக் கம்பிகளை அதனுள் இறுக்கி, அங்கிருந்து புவித்தொடுப்புக்கு இணைப்புக் கொடுத்தல் வேண்டும். கவச வடம் வாங்க இயலாதவர், தடித்த பீ.வீ.சீ. குழாயினுள் தகுந்த வயரை இட்டுப் புதைப்பதுமுண்டு. கறையானையும் கல்லையும் அது தடுக்கும், அலவாங்கினைத் தடுக்காது. ஆகையால் அங்கே ஆழமும் மேல்மூடியும் மேலும் கவனமாக அமைய வேண்டும்.

கடத்தியின் பருமனும் கணக்கிற்கு உரியது. ஒரு குதிரைவலுப் பம்பி 6 அம்பியரளவு ஓட்டத்தை எடுக்கின்றது என்று கொள்ளலாம். 50 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியை இட்டால், போய் வரும் 100 மீற்றரில் ஏறத்தாழ 7 வோல்ற்று வழியிலே குறைந்துபோகும். 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் குறைவு நாலரை வோல்ற்றுக்குள் அடங்கும். ஓடும்போது இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் பம்பி தொடங்கும் கணத்தில் அதன் ஓட்டம் ஐந்து மடங்காகவும் அதற்கு மேலாகவும் உயரும். அப்போது மெல்லிய கம்பியில் 36 வோல்ற்றளவு குறையும். பருத்த கம்பியில் 22 வோல்ற்றளவே குறையும். மாலையில் ஊரெங்கும் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் வேளையில், மெல்லிய கம்பியின் முனையிலுள்ள பம்பி முனகி நின்று சூடேறுவதன் காரணம் இதுவே. ஒருமுறை புதைத்ததை மீண்டும் தோண்டி மாற்றுதல் எளிதன்று. எனவே பருமனிற் சிக்கனம் பாராட்டலாகாது.

இனி அகழி. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, நிலம் ஈரம் வடிந்து, இன்னும் இறுகாதிருக்கும் நாள்களே வெட்டுதற்கு ஏற்றவை. ஒன்றும் பயிரிடாத இடத்தில் 45 சென்றிமீற்றர், அதாவது ஒன்றரை அடி ஆழமும், மண்வெட்டி படும் இடத்தில் 60 சென்றிமீற்றர், அதாவது 2 அடி ஆழமும் பொதுவாகக் கொள்ளத்தக்கவை. வண்டி செல்லும் வழியைக் கடக்குமிடத்தில் இன்னும் ஆழ்ந்து, வலிய குழாயினுள் வடத்தைச் செலுத்துதல் வேண்டும். குடாநாட்டிற் சில இடங்களில் ஓர் அடி வெட்டு முன்னரே சுண்ணாம்புக் கல் தலைகாட்டும். அங்கே கல்லைப் பிக்காசினாற் கொத்தி இயன்ற அளவு தாழ்த்தி, வடத்தை இரும்புக் குழாயினுள் இட்டு, அதன்மேற் சீமெந்துக் கலவை பரப்பி மூடலாம். அவ்விரும்புக் குழாயும் புவித்தொடுப்போடு இணைய வேண்டும். ஆழத்திற் குறைந்ததை வன்மையினால் ஈடுசெய்வதே முறை.

அகழியின் அடியில் கூரிய கல்லும் வேரும் இருத்தலாகாது. 3 அங்குல உயரத்துக்குக் கல்லற்ற மணல் பரப்பி, அதன்மேல் வடத்தை இட வேண்டும். வடத்தைக் கயிறுபோல் இழுத்து விறைப்பாக்காமற் சிறிது நெகிழ்ச்சியோடு விடுக. மண் அமர்ந்து இறங்கும்போது அது இழுபடாதிருக்கும். வளைக்க வேண்டிய இடத்தில், வடத்தின் விட்டத்தைப்போல் எட்டு மடங்குக்குக் குறையாத ஆரையில் மெல்ல வளைக்க. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே துண்டாக இருத்தல் வேண்டும். மண்ணுக்குள் மூட்டு வைத்தல் பிற்காலத் துன்பத்தை விதைப்பதாகும். வடத்தின்மேல் மறுபடியும் 3 அங்குல மணல். மணலின்மேல் செங்கல்லையோ சீமெந்துத் தகட்டையோ வரிசையாக அடுக்குக. அதன்மேற் சிறிது மண் நிரப்பி, எச்சரிக்கை எழுதிய மஞ்சள் நிறப் பிளாத்திக்கு நாடாவை நெடுக விரித்து, எஞ்சிய மண்ணை இட்டு மூடுக. தோண்டுபவருக்கு முதலில் நாடா தென்படும். அடுத்துச் செங்கல் தடுக்கும். மூன்றாவதாக மணல் தோன்றும். இயற்கையான செம்மண்ணிலே திடீரென்று வெண்மணல் தோன்றினால், படிக்காத ஒருவரும் நின்று யோசிப்பார். நாடாவின் எழுத்து அழிந்தாலும் மணலின் நிறம் அழிவதில்லை.

மண் மூடுவதற்கு முன்னர் ஒரு சோதனை உண்டு. தகுதிபெற்ற மின்வினைஞர் 500 வோல்ற்றுச் சோதனைக் கருவியைக் கொண்டு கடத்திகளுக்கிடையேயும், கடத்திக்கும் கவசத்துக்குமிடையேயும் உள்ள காவற்றடையை அளப்பார். அது 10 இலட்சம் ஓமுக்குக் குறையலாகாது; புதிய வடத்தில் அதனினும் மிகப் பெரிதாகவே இருக்கும். மூடிய பின்னர் மறுபடியும் அளந்தால், மூடும்போது கல் பட்டுக் காயமுற்றதா என்பது தெரியவரும். அகழி வெட்டுதலும் மணல் பரப்புதலும் வீட்டாரே செய்யத்தக்கவை. இணைப்பும் சோதனையும் அதற்குரியவர் செய்ய வேண்டியவை. கூலி மிச்சமென்று இப்பகுதியைத் தாமே செய்ய முற்படுதல் அறிவுடைமையன்று. கிணற்றடியில் இரு கம்பிகளையும் ஒருசேர அறுக்கும் சுவிச் ஒன்று மழை புகாத பெட்டியினுள் இருக்க வேண்டும். வடம் மண்ணிலிருந்து மேலெழும் இடத்தை வலிய குழாயினால் மூடி, எறும்பும் நீரும் புகாதவாறு அதன் வாயை அடைத்தல் நன்று.

மீதியோட்டச் சுற்றுடைப்பானிலே சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கின்றது. மூன்று மாதத்துக்கொரு முறையாயினும் அதனை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத கருவி, உறங்கும் காவற்காரன். அதனை உடனே மாற்றுதல் வேண்டும். ஆனால் அப்பொத்தான் கருவியின் பொறியை மட்டுமே சோதிக்கின்றது. புவித்தொடுப்புக் கோல் நன்னிலையில் இருக்கின்றதா என்பதை அது கூறாது. நெடுங்கோடையிலே மண் உலர, கோலின் தடை உயரும். அதனைச் சில ஆண்டுகளுக்கொரு முறை மின்வினைஞரைக் கொண்டு அளப்பித்தல் வேண்டும்.

இவ்வளவு செய்தும் இன்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கின்றது. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதுவே. 2 அடி ஆழத்து வடம் 3 அடித் தென்னங்குழிக்குத் தப்பாது என்பதை மேலே கண்டோம். எந்த ஆழமும் முற்றான காப்பு ஆகாது. வடம் எங்கே இருக்கின்றதென்னும் அறிவே முற்றான காப்பு. மண் மூடுவதற்கு முன், ஒரு தாளில் வளவின் படத்தை வரைக. வீட்டின் மூலை, கிணற்றுக் கட்டு ஆகிய அசையாத பொருள்களிலிருந்து அளந்து, வடம் செல்லும் கோட்டை அதிற் குறிக்க. மாமரத்திலிருந்தோ வேலியிலிருந்தோ அளத்தலாகாது. மரம் வெட்டப்படும், வேலி தள்ளி அடைக்கப்படும். ஆழம், வடத்தின் பருமன், புதைத்த நாள் என்பவற்றையும் எழுதுக. ஒரு பிரதியை மின்மானிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டி, மற்றதைக் காணி உறுதியோடு சேர்த்து வைக்க. வளவு கைமாறும்போது படமும் கைமாறும். இயலுமானால், அகழி திறந்திருக்கும்போதே ஒரு நிழற்படமும் எடுத்து வைக்கலாம். திரும்பும் இடந்தோறும் சிறு சீமெந்துக் கல் ஒன்றை நிலமட்டத்தில் நாட்டுதலும் நன்று. வடம் செல்லும் வழியைப் பிள்ளைகளை நடத்திச் சென்று காட்டுதல் எல்லாவற்றினும் சிறந்தது.

தோண்டும்போது எதிர்பாராது வடத்தைக் காண்பவர், அது பழையது, உயிரற்றது என்று தாமே தீர்ப்புச் சொல்லலாகாது. வேலையை நிறுத்தி, பிரதான சுவிச்சை அணைத்து, மின்வினைஞரை அழைக்க வேண்டும். வெள்ளம் நின்ற வளவில் பழுதுற்ற வடம் இருப்பதாக ஐயுற்றால், நீரில் இறங்காமல் வீட்டிலேயே மின்சாரத்தை அறுக்க வேண்டும். சுவிச்சை அடைய நீரில் நின்றாக வேண்டுமென்றால் அதனையுந் தொடாது, மின்வழங்குவோருக்கு அறிவிக்க வேண்டும். ஒருவர் மின்தாக்குண்டு வடத்தோடு ஒட்டியிருந்தால், அவரைத் தொட்டு இழுப்பவரும் அதே கதிக்கு உள்ளாவார். முதலில் மின்சாரத்தை நிறுத்துக. அது இயலாதபோது மட்டும், உலர்ந்த பலகையின்மேல் நின்று, உலர்ந்த தடியினால் வடத்தை விலக்குக. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மூச்சும் உணர்வும் இல்லாதவரின் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, வலிமையாக அழுத்திக்கொண்டிருத்தல் வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தலாகாது.

ஆழம், கவசம், காவற்கருவி, படம் என்னும் நான்கும் ஒன்றுக்கொன்று துணை. ஆழம் பெரும்பாலான மண்வெட்டிகளைத் தடுக்கும். அதனைக் கடந்து வரும் அலவாங்கினைக் கவசம் எதிர்கொள்ளும். கவசம் துளைபடும் கணத்திற் காவற்கருவி மின்சாரத்தை அறுக்கும். இம்மூன்றுக்கும் வேலை வைக்காமலே காப்பது படம். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் அரைமணி நேரமுமே.